உள்ளாட்சி இணையதளங்களும் மாற்றுத்திறனாளிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொத்துவரி, குடிநீர்க் கட்டணம், பிறப்பு இறப்புச் சான்றிதழ், கட்டட அனுமதி, தெருவிளக்கு எரியவில்லை என்ற புகார் என்று தமிழ்நாட்டில் உள்ளாட்சி வேலைகளில் பெரும்பகுதி இப்போது இணையத்துக்கு வந்துவிட்டது. அந்தத் தளங்களை மாற்றுத்திறனாளிகளால் பிறர் துணையில்லாமல் பயன்படுத்த முடிகிறதா என்பதைப் பற்றிய கேள்விகளும் பதில்களும் கீழே. நகராட்சி ஊழியர், கவுன்சிலர், தளம் அமைத்துக் கொடுக்கும் நிறுவனத்தார், மாற்றுத்திறனாளிகள், அவர்கள் வீட்டார் என எல்லோரையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

பார்வை தெரியாதவர் இணையதளத்தை எப்படிப் படிக்கிறார்?

ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருள் திரையில் உள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும். ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் என்று அது கூடவே வருகிறது. விண்டோஸ் கணினியில் என்விடிஏ என்ற இலவச மென்பொருளைப் பலர் பயன்படுத்துகிறார்கள், தமிழையும் வாசிக்கும். அவர் மவுஸைத் தொடுவதில்லை. விசைப்பலகையில் டேப் விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு இணைப்புக்கும், ஒவ்வொரு பெட்டிக்கும் போகிறார். தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ ஒரு விசை, பட்டியலுக்குத் தாவ ஒரு விசை என்று இருக்கிறது. பழகியவர்கள் குரலை மிக வேகமாக ஓடவிட்டுக் கேட்பார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது.

இதெல்லாம் நடக்க வேண்டுமானால் திரையில் தெரிவது எழுத்தாக இருக்க வேண்டும், தலைப்பு தலைப்பாகவும் பொத்தான் பொத்தானாகவும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பெரிய எழுத்தில் தடித்துத் தெரிந்தால் மட்டும் அது தலைப்பு ஆகிவிடாது.

பார்வையற்றவர்களுக்கு மட்டும்தானே இந்தப் பிரச்சினை?

இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. கை நடுங்குகிறவரால் கடுகளவு பொத்தானைச் சரியாக அழுத்த முடியாது. காது கேளாதவருக்கு ஆணையர் பேசிய வீடியோவால் பயனில்லை. குறைபார்வை உள்ளவர் பக்கத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் பாதிப் பக்கம் திரைக்கு வெளியே போய்விடுகிறது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவருக்குச் சிவப்பில் காட்டிய கெடு தேதி மற்றவற்றைப் போலவே தெரியும். அறிவுசார் குறைபாடு உள்ளவரோ, ஒரே எண்ணை ஒரு பக்கம் ‘வரிவிதிப்பு எண்’ என்றும் அடுத்த பக்கம் ‘அசெஸ்மென்ட் எண்’ என்றும் கேட்கும்போது அங்கேயே நின்றுவிடுகிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள் பதிவாகியிருக்கிறார்கள். அப்போது சட்டத்தில் இருந்த வகைகள் இன்றைய 21-ஐ விடக் குறைவு.

இ-சேவை மையம் இருக்கிறதே, அங்கே போய்ச் செய்துகொள்ளலாமே?

இந்தக் கேள்வியை நல்லெண்ணத்தோடுதான் பலரும் கேட்கிறார்கள். ஆனால் கேட்பவர் தன் வரியைத் தன் போனில் இரவு பத்து மணிக்குக் கட்டிவிட்டுத் தூங்குகிறார். மாற்றுத்திறனாளி மட்டும் ஆட்டோ பிடித்து, படியேறி, வரிசையில் நின்று, தன் ஆதார் எண்ணையும் ஓடிபியையும் முன்பின் தெரியாதவரிடம் சத்தமாகச் சொல்ல வேண்டுமா? வங்கி விவரம், வீட்டு மதிப்பு, குழந்தையின் பிறப்புப் பதிவு எல்லாம் சொந்த விஷயங்கள். மகனிடமோ பக்கத்து வீட்டாரிடமோ போனைக் கொடுத்துச் செய்யச் சொல்வதிலும் இதே சங்கடம் உண்டு. உதவி வேண்டுமென்று அவரே கேட்டால் மையம் உதவட்டும். தளம் திறக்காததால் போயே தீர வேண்டும் என்ற நிலை இருக்கக் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு கடையின் தளம் சரியில்லை என்றால் வேறு கடைக்குப் போகலாம். வீடு இருக்கும் ஊருக்கு நகராட்சி ஒன்றுதான்.

சட்டம் இதைக் கட்டாயம் என்கிறதா?

ஆம், கட்டாயம்தான். ஆனால் அது நடைமுறைக்கு வந்த பாதை நேராக இல்லை.

2016 சட்டம் 2017 ஏப்ரல் 19-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. தகவல் தொழில்நுட்பம் உட்பட எல்லாவற்றுக்கும் அணுகல் தரம், அதாவது மாற்றுத்திறனாளிகளும் தடையின்றிப் பயன்படுத்துவதற்கான அளவுகோல், வகுக்கச் சொல்கிறது 40-ஆவது பிரிவு. ஒலி, அச்சு, மின்னணு ஊடகங்களில் வரும் உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருக்க வேண்டும் என்கிறது 42-ஆவது பிரிவு. சேவை தருவோர், விதிகள் அறிவிக்கப்பட்ட இரண்டு ஆண்டுக்குள் அந்தத் தரத்துக்கு வந்துவிட வேண்டும் என்கிறது 46-ஆவது பிரிவு. விதிகள் 2017 ஜூனில் வந்தன. அரசு இணையதளங்கள் ஜிஐஜிடபிள்யூ எனப்படும் இந்திய அரசு இணையதள வழிகாட்டுதல்களின்படி இருக்க வேண்டும், ஏற்றும் ஆவணங்கள் இபப் என்ற மின்னூல் வடிவிலோ, ஓசிஆர் செய்த (படத்தில் உள்ள எழுத்தைக் கணினி படிக்கும் எழுத்தாக மாற்றிய) பிடிஎஃப் ஆகவோ இருக்க வேண்டும் என்று 15-ஆவது விதி சொன்னது. 2023-இல் ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரமும் அதில் சேர்க்கப்பட்டது.

சிக்கல் என்னவென்றால், சட்டம் ‘கட்டாயம்’ என்றது; விதி கைகாட்டிய ஆவணங்களோ பெரும்பாலும் ‘செய்யலாம், செய்வது நல்லது’ என்ற தொனியில் இருந்தன. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. 15(1) விதி சட்டத்துக்கு முரணானது என்று சொல்லி, விட்டுக்கொடுக்க முடியாத குறைந்தபட்ச விதிகளைத் தனியே பிரித்து மூன்று மாதத்தில் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

அடுத்த தீர்ப்பு 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி வந்தது. அமிலவீச்சில் கண்ணும் முகமும் பாதிக்கப்பட்டவர்களும் பார்வையற்றவர்களும், கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் வங்கிச் சரிபார்ப்பை எப்படிச் செய்வது என்று கேட்ட வழக்குகள் அவை. நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் அணுகல் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்து, 20 உத்தரவுகளையும் பிறப்பித்தது. வங்கியைப் பற்றிய வழக்கில் சொன்னாலும், அந்த அடிப்படை வரி கட்டும் பக்கத்துக்கும் பொருந்தும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மீறினால் அபராதம் உண்டு: முதல் முறை 10,000 ரூபாய் வரை, அதன் பிறகு 50,000 முதல் 5 லட்சம் வரை.

இது மாநகராட்சிக்குத்தானே? பேரூராட்சி, ஊராட்சிக்கு எப்படிப் பொருந்தும்?

நகராட்சியும் ஊராட்சியும் ‘உள்ளாட்சி அமைப்பு’ என்ற சொல்லுக்குள் அடங்கும் என்று சட்டமே விளக்கம் தருகிறது. சின்ன ஊர் என்பதற்கு விலக்கு கிடையாது. நடைமுறையில் ஊராட்சிச் செயலர் தளம் எதையும் கட்டப் போவதில்லை. மாநில அளவில் அமைக்கும் பொதுத் தளத்தைத்தான் எல்லா ஊராட்சியும் பயன்படுத்தும். ஆகவே அந்த ஒரு தளத்தைச் சரிசெய்தால் ஆயிரக்கணக்கான ஊர்களுக்கு ஒரே நாளில் நல்லது நடந்துவிடும். கெடுத்தாலும் அப்படித்தான்.

எந்தத் தரத்தைப் பின்பற்ற வேண்டும்?

உலகம் முழுக்கப் புழங்கும் டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் தரத்தின் 2.1 பதிப்பு, அதன் மூன்று நிலைகளில் நடுவிலுள்ள ஏஏ நிலை. 2023-இல் வந்த ஜிஐஜிடபிள்யூ மூன்றாம் பதிப்பு இதையே கேட்கிறது. அமெரிக்க நீதித்துறை 2024-இல் அங்குள்ள மாநில, உள்ளாட்சித் தளங்களுக்கு வகுத்த விதியும் இதே அளவுகோலைத்தான் எடுத்துக்கொண்டது.

அலுவலகத்தில் ஸ்கேன் செய்து ஏற்றும் பிடிஎஃப்-இல் என்ன தவறு?

உள்ளாட்சித் தளங்களில் நான் பார்க்கும் மிகப் பெரிய தடை இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மன்றத் தீர்மானம், டெண்டர் அறிவிப்பு, வரிச் சீராய்வு அறிவிக்கை, பயனாளிகள் பட்டியல் எல்லாமே முதலில் கணினியில் தட்டச்சாகின்றன. அப்புறம் அச்சாகி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஸ்கேனருக்குப் போய்ப் படமாகத் தளத்தில் ஏறுகின்றன. ஸ்கிரீன் ரீடருக்கு அது வெற்றுத் தாள். கண் தெரிந்தவருக்கும் அதில் தன் தெருப் பெயரைத் தேட வழியில்லை. நூறு பக்கத்தையும் புரட்ட வேண்டும்.

கையெழுத்து தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இப்படிச் செய்கிறார்கள். அதை மதித்தே ஒரு வழி உண்டு. கையெழுத்திட்ட பிரதி பக்கத்தின் அடியில் இருக்கட்டும். அதே வாசகத்தை முதலில் சாதாரண இணையப் பக்கமாக ஒட்டிவிடுங்கள். தட்டச்சு செய்த கோப்பு கையில்தான் இருக்கிறது, ஒட்ட ஐந்து நிமிடம் போதும்.

பிடிஎஃப் தான் வேண்டும் என்றால் வேர்டு கோப்பில் தலைப்புகளைத் தலைப்பு ஸ்டைலில் வைத்து, ‘சேவ் ஆஸ்’ வழியாக பிடிஎஃப் ஆக்குங்கள். பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப் ஆக்கினால் தலைப்பு, பட்டியல் பற்றிய குறிப்புகள் காணாமல் போகக்கூடும். தமிழுக்கு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. பல பிடிஎஃப்களில் தமிழ் கண்ணுக்குச் சரியாகத் தெரியும். நகலெடுத்து ஒட்டிப் பார்த்தால் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். ஸ்கிரீன் ரீடர் அந்தக் குழம்பிய வரிசையைத்தான் வாசிக்கும். ஏற்றும் முன் ஒரு பத்தியை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள்.

பழைய ஸ்கேன்களுக்கு ஓசிஆர் உண்டு. கூகுள் டிரைவும் டெசராக்ட் என்ற இலவச மென்பொருளும் தமிழ் எழுத்தைப் படிக்கும். பிழை வரும், ஆளை வைத்துத் திருத்த வேண்டும், குறிப்பாக எண்களையும் தேதிகளையும்.

எங்கள் கோப்புகள் யூனிகோடில் இல்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கணினி உள்ளே வைத்திருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். எழுத்துரு அதன்மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துகிறது. கண்ணுக்கு ‘அம்மா உணவகம்’ என்று தெரிவதை ஸ்கிரீன் ரீடர் பொருளில்லாத ஆங்கில எழுத்துகளாக ஒவ்வொன்றாக உச்சரிக்கும். தேடுபொறிக்கும் அது தமிழ் இல்லை.

தமிழ்நாடு அரசு 2010-லேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகும் அலுவலகக் கணினிகளில் பழைய எழுத்துரு ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் விரல் பழக்கம். தட்டச்சு முறையை மாற்றாமலே யூனிகோடில் அடிக்க முடியும்: தமிழ் தட்டச்சு இயந்திரம் பழகியவருக்கு அதே விசை அமைப்பு யூனிகோடிலும் கிடைக்கிறது. பழைய கோப்புகளை மாற்றித் தரும் இலவசக் கருவிகள் உள்ளன. ஊழியருக்கு ஒரு நாள் பயிற்சி கொடுங்கள். இந்த ஒன்றைச் செய்யாமல் தளத்துக்கு எவ்வளவு செலவழித்தாலும் தமிழ் மட்டும் படிக்கும் பார்வையற்றவருக்குப் பலன் சேராது.

கூடவே இன்னொரு சின்ன விஷயம். தமிழ்ப் பக்கத்தின் நிரலில் மொழி ‘ஆங்கிலம்’ என்று குறித்திருந்தால், ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளை விழுங்கிவிட்டு எண்களை மட்டும் வாசிக்கும் நிலை வரலாம். நிரலில் ஒரே ஒரு சொல்லை மாற்றினால் தீரும்.

கேப்ட்சா வேண்டாம் என்கிறீர்களா? தளத்துக்குப் பாதுகாப்பு வேண்டாமா?

வளைந்து நெளிந்த எழுத்துப் படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்ட்சா மட்டும் இருந்தால், பார்வையற்றவருக்கு அங்கேயே கதவு மூடிவிடுகிறது. மீதித் தளம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. ஒலி வடிவம் சேர்த்தால் பாதி தீரும். பார்வையும் செவியும் இரண்டும் குறைந்தவருக்கு அதுவும் உதவாது. கைபேசிக்கு ஓடிபி வருகிற சேவையில் கேப்ட்சாவும் எதற்கு என்று முதலில் கேளுங்கள். வேண்டியே தீரும் என்றால் பயனரைத் தொந்தரவு செய்யாமல் பின்னணியில் இயந்திரங்களைத் தடுக்கும் முறைகள் இருக்கின்றன.

ஓடிபிக்கும் நேரம் கொடுங்கள். குரலில் கேட்டு, செயலி மாறி, திரும்பி வந்து தட்டச்சு செய்ய முப்பது விநாடி போதாது.

முகப்பில் ஓடும் எழுத்து, மாறும் படங்கள் இருக்கலாமா?

ஓடும் எழுத்தை எடுத்துவிடுங்கள். கவனக்குறைவுப் பிரச்சினை உள்ளவர், மெதுவாகப் படிப்பவர், திரையைப் பெரிதாக்கிப் படிப்பவர் யாருக்கும் அது பிடிபடாது. ஐந்து விநாடிக்கு மேல் தானாக அசையும் எதற்கும் நிறுத்தும் பொத்தான் வேண்டும் என்பது தரம். எழுத்து நிறத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும். வெள்ளையில் மஞ்சள், சாம்பலில் வெளிர்சாம்பல் எல்லாம் இதில் தேறாது. அளந்து சொல்ல இலவசக் கருவிகள் நிறைய உண்டு.

அறிவிப்பைப் படமாகப் போட்டால் பார்க்க அழகாக இருக்கிறதே?

போடுங்கள். ஆனால் அதே செய்தியை எழுத்திலும் போடுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது போன்ற நாட்களை நினைத்துப் பாருங்கள். நிவாரண முகாம்களின் முகவரி ஒரு ஜேபிஜி படத்துக்குள் மட்டும் இருந்தால், யாருக்கு அந்த முகவரி முதலில் வேண்டுமோ அவருக்கு அது போய்ச் சேராது. படத்துக்கு ஆல்ட் டெக்ஸ்ட் (ஸ்கிரீன் ரீடர் படத்துக்குப் பதிலாக வாசிக்கும் விளக்கம்) எழுதும்போது ‘அறிவிப்பு’ என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். எந்தப் பகுதிக்கு, என்றைக்கு, என்ன என்பது வர வேண்டும்.

காது கேளாதவர்களுக்கு என்ன செய்ய வேண்டும்? எழுத்துதான் படிப்பார்களே?

வீடியோவுக்கு வசனம் வேண்டும். தானாக உருவாகும் வசனத்தைத் திருத்தாமல் விடக் கூடாது. பிறவியிலேயே காது கேளாத பலருக்கு முதல் மொழி சைகை மொழி. அலுவலகத் தமிழ் அவர்களுக்கு இரண்டாம் மொழி போலத்தான். முக்கியச் சேவைகளுக்கு இந்தியச் சைகை மொழியில் சிறு விளக்க வீடியோ வைப்பது பெரிய உதவி. எல்லாவற்றுக்கும் மேலாக, ‘புகாருக்குத் தொலைபேசியில் அழைக்கவும்’ என்று ஒரு எண்ணை மட்டும் கொடுக்காதீர்கள். குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், மின்னஞ்சல் ஏதாவது ஒன்று கூடவே இருக்கட்டும்.

ஓரத்தில் சக்கரநாற்காலிச் சின்னம் உள்ள பொத்தானைச் சேர்த்துவிட்டோம். போதுமா?

போதாது. எழுத்தைப் பெரிதாக்கவும் நிறத்தை மாற்றவும் அந்தப் பொத்தான் உதவும். அதைப் பயனரின் போனும் உலாவியும் ஏற்கெனவே செய்கின்றன. பெயரிடாத பெட்டியையும், ஸ்கேன் படத்தையும், பழைய எழுத்துருவையும் அதனால் சரிசெய்ய முடியாது. சில நேரம் ஸ்கிரீன் ரீடரோடு மோதி, இருப்பதையும் கெடுக்கும். இத்தகைய கருவி விற்கும் அக்செசிபி நிறுவனம், தன் கருவி எந்தத் தளத்தையும் தரத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்று விளம்பரம் செய்ததற்காக, 2025-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்திடம் 10 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. உங்களிடம் யாராவது ஒற்றைப் பொத்தானைக் காட்டி ‘சட்டப்படி எல்லாம் முடிந்தது’ என்றால் நம்பாதீர்கள்.

எங்கள் நகராட்சியில் ஆளும் இல்லை, நிதியும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

அதிகம் பேர் வரும் பக்கங்களிலிருந்து. வரி கட்டுவது, சான்றிதழ் எடுப்பது, புகார் கொடுப்பது, அலுவலக முகவரியும் நேரமும் – இந்த நான்கும் சரியாக இருந்தாலே பெரும்பாலானோர் தேவை முடியும். இனி ஏற்றும் எந்த ஆவணமும் ஸ்கேனாக மட்டும் இருக்காது என்று ஒரு சுற்றறிக்கை விடுங்கள். இதற்குச் செலவே இல்லை. 2014-ஆம் ஆண்டு டெண்டர் அறிவிப்பைத் திருத்திக்கொண்டு உட்கார வேண்டாம், யாராவது கேட்டால் அப்போது செய்து கொடுக்கலாம்.

செலவு பிடிப்பது நிரல் சார்ந்த மாற்றங்கள்தான். அவற்றை அடுத்த டெண்டரில் எழுதுங்கள். ‘தளம் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும்’ என்ற ஒற்றை வரி யாரையும் கட்டுப்படுத்தாது. தரத்தின் பெயர், பதிப்பு, நிலை, யார் சோதிப்பார்கள், குறை கண்டால் எத்தனை நாளில் திருத்த வேண்டும், அதுவரை எவ்வளவு தொகை நிறுத்தி வைக்கப்படும் என்பது வரை எழுத வேண்டும். சான்றுக்கு மத்திய அரசின் எஸ்டிக்யூசி அமைப்பு இருக்கிறது.

நாங்களே சோதித்துப் பார்க்க முடியுமா?

முடியும். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப், என்டர் விசைகளால் மட்டும் ஒரு வரிப் பணத்தைக் கட்டும் பக்கம் வரை போய்ப் பாருங்கள். இப்போது எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்று திரையில் தெரிகிறதா? பிறந்த தேதியை நாள்காட்டிப் படத்தில் அழுத்தித்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமா, தட்டச்சும் செய்யலாமா? அப்புறம் போனில் டாக்பேக்கைப் போட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். ‘பெயரில்லா பொத்தான், பெயரில்லா பொத்தான்’ என்று அது சொல்லும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தானியங்கிக் கருவிகள் சில குறைகளைத்தான் பிடிக்கும். ஆல்ட் டெக்ஸ்ட் இருக்கிறதா என்று சொல்லும், அது சரியான விளக்கமா என்று சொல்லாது.

கடைசியில் மாற்றுத்திறனாளிகளையே கூப்பிட்டு உட்கார வையுங்கள். ஊரில் உள்ள சங்கத்தைக் கேட்டால் ஆள் வருவார்கள். அவர்கள் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். வேலை தெரிந்தவரின் உழைப்பு அது.

மாற்றுத்திறனாளிகள் இப்போது மன்றத்திலேயே உறுப்பினராகிறார்களே, அதற்கும் தளத்துக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்கும் சட்டத் திருத்தங்களைத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. பார்வையற்ற ஒருவர் மன்றத்துக்கு வந்த பிறகு, கூட்டப்பொருளை ஸ்கேன் கட்டாக அனுப்பினால் அவர் எதைப் பற்றிப் பேசுவார்? பக்கத்து நாற்காலிக்காரர் படித்துச் சொல்வதை நம்பிக் கை தூக்கவா? கூட்டப்பொருள், வரவுசெலவு அட்டவணை, முந்தைய தீர்மானங்கள் எல்லாம் படிக்கத்தக்க வடிவில் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே நாளில் அவருக்கும் கிடைக்க வேண்டும். அட்டவணைகளில் நெடுவரிசைத் தலைப்புகளைத் தலைப்பாகவே குறியுங்கள், கட்டங்களை ஒன்றிணைக்காதீர்கள். இல்லையென்றால் ‘4,50,000’ என்று கேட்கும், அது எந்தத் தலைப்பின் கீழ் என்று தெரியாது.

எங்கள் ஊர்த் தளத்தை என்னால் பயன்படுத்த முடியவில்லை. யாரிடம் போவது?

முதலில் நகராட்சி ஆணையருக்கோ செயல் அலுவலருக்கோ எழுத்தில் கொடுங்கள். பக்கத்தின் முகவரி, எந்த வேலைக்குப் போனீர்கள், எந்த இடத்தில் நின்றது, என்ன போன், என்ன ஸ்கிரீன் ரீடர் என்பதையெல்லாம் எழுதுங்கள். ‘தளம் வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் ‘எங்களுக்கு வேலை செய்கிறதே’ என்று பதில் வரும். தளம் சரியாகும் வரை அந்த வேலையை அபராதமோ தாமதமோ இல்லாமல் முடித்துத் தரும்படியும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

முதல்வரின் முகவரி திட்டத்துக்கு 1100 என்ற எண் இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, தளம் கடைசியாக எப்போது அணுகல் சோதனைக்கு உட்பட்டது, அறிக்கை நகல் எங்கே, தளம் அமைத்த ஒப்பந்தத்தில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கலாம்.

அதிலும் அசையவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். விசாரணையில் சாட்சியை அழைக்கவும் ஆவணத்தைக் கேட்டு வாங்கவும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் உண்டு. அவர் பரிந்துரை செய்தால், சம்பந்தப்பட்ட அமைப்பு மூன்று மாதத்துக்குள் எடுத்த நடவடிக்கையைச் சொல்ல வேண்டும். ஏற்கவில்லை என்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும். அங்கே மனு கொடுக்கும்போது முதலில் எழுதிய கடிதத்தின் நகலும், அது பெறப்பட்டதற்கான தேதி முத்திரையும் கையில் இருக்கட்டும்.